கேபிளைப் பிடுங்கினால் உறையும் பக்கம்: ஒரு மடிக்கணினியைக் கம்பிக்கும் வைஃபைக்கும் இடையே தானாக மாற வைத்த நிகழ்வு ஆய்வு

ஒரு சிறு பதிப்பகத்தின் கணினிகளை வாரம் ஒருமுறை சென்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு உண்டு. அங்கே பக்க வடிவமைப்பாளராகப் பணிபுரியும் பெண், தம் மடிக்கணினியை மேசையில் வைத்து வேலை செய்யும்போது கேபிளைச் செருகிக்கொள்வார். மெய்ப்புத் திருத்துவோர் அறைக்குச் செல்லும்போது கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையை நம்புவார். மாலையில் அதே கணினி அவர் வீட்டுக்குப் போகும். நூல்களின் பக்கக் கோப்புகளும் வருடப்பட்ட படங்களும் அலுவலகச் சர்வரில் இருக்கின்றன. கணினியின் வட்டில் எதையும் வைக்கக்கூடாது என்பது அந்தப் பதிப்பகத்தின் விதி. அந்த விதி சரியானது என்றே நானும் கருதுகிறேன். ஏனெனில் ஒரே நூலுக்கு இரண்டு பிரதிகள் உருவாகிவிட்டால் எது திருத்தப்பட்டது என்று கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலையாகிவிடும்.

அவருடைய முறையீடு ஒரே வரியில் இருந்தது: "அண்ணா, கேபிளப் பிடுங்கினாலே பக்கம் அப்படியே உறைஞ்சு போயிடுது, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுத்தான் உயிர் வருது." இதற்கு முன்பு கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தீர்வு செய்து வைத்திருந்தார். அந்தத் தீர்வால் கேபிளைப் பிடுங்கும்போது இருந்த தொல்லை போகவில்லை. கேபிளைச் செருகும்போதும் அரை நிமிடம் இணைப்பே இல்லாமல் போவது புதிதாகச் சேர்ந்திருந்தது. இந்த இரண்டு தடங்கல்களுக்கும் காரணம் வெவ்வேறு என்பதைப் பிரித்தறிந்ததுதான் இந்த ஆய்வின் பாதி.

இருந்த நிலை

மடிக்கணினியில் டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டிருந்தது. வலையமைப்பு இணைப்புகளைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்னும் நிரல். கணினியிலேயே கேபிளைச் செருகுவதற்கான ஒரு கிகாபிட் ஈதர்நெட் துளை உண்டு. கம்பி வலையமைப்பும் வைஃபையும் ஒரே முகவரித் தொகுதியில், அதாவது 192.168.10 என்று தொடங்கும் ஒரே குடும்பத்தில் இருந்தன. முகவரிகளை வழங்குவது ரவுட்டரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்னும் நிரல். சர்வர் ஒரு லினக்ஸ் கணினி. அதன் கோப்புறை சாம்பா என்னும் கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக மடிக்கணினியில் இணைக்கப்பட்டிருந்தது. மேசைகளுக்குச் செல்லும் கேபிள்கள் எல்லாம் அவற்றை ஒன்றிணைக்கும் ஸ்விட்ச் என்னும் ஒரு பெட்டியில் முடிந்தன. அதில் ஸ்பானிங் ட்ரீ (கீழே விளக்கியிருக்கிறேன்) இயக்கப்பட்டிருந்தது.

இத்தகைய அமைப்பில், யாரும் எதையும் செய்யாமலேயே ஓரளவு தானியங்கி மாற்றம் நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும்போது நெட்வொர்க்மேனேஜர் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் மெட்ரிக் என்னும் ஓர் எண்ணைத் தருகிறது. ஈதர்நெட்டுக்கு இயல்பாக 100, வைஃபைக்கு 600. எண் குறைவாக உள்ள வழியையே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தேர்ந்தெடுக்கும். ஆகவே கேபிள் செருகியிருக்கும் வரை புதிதாகத் தொடங்கும் எல்லா இணைப்புகளும் கம்பி வழியே செல்லும். கேபிள் போனால் வைஃபை வழி எஞ்சும். இணையப் பக்கங்களைப் படிப்பவருக்கு இதுவே போதும். ஒரு பக்கத்தைத் திறந்து படிப்பதற்குள் இணைப்பு மாறினாலும் அடுத்த சொடுக்கில் உலாவி புதிய இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். நாள் முழுதும் ஒரே இணைப்பைத் திறந்து வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல்.

பிடுங்கும்போது நேர்வது

டிசிபி என்பது இரு கணினிகள் தரவைத் தவறாமல் பரிமாறிக்கொள்ள உதவும் நெறிமுறை; சாம்பாவும் அதன் வழியேதான் பேசுகிறது. ஒரு டிசிபி இணைப்பை அடையாளம் காட்டுவன நான்கு: இந்தப் பக்கத்து ஐபி முகவரி, இந்தப் பக்கத்துப் போர்ட் எண் (எந்த நிரலுக்கு உரியது என்று காட்டும் எண்), அந்தப் பக்கத்து ஐபி முகவரி, அந்தப் பக்கத்துப் போர்ட் எண். 1981இல் வெளியான ஆர்எஃப்சி 793 என்னும் இணையத் தர ஆவணம் தொடங்கி இது மாறவில்லை. மடிக்கணினி கம்பியில் 60ஆம் முகவரியையும் (அதாவது 192.168.10.60) வைஃபையில் 61ஆம் முகவரியையும் பெற்றிருந்தது. கேபிள் செருகியிருக்கும்போது சாம்பா இணைப்பு தொடங்கினால் அது 60இன் பெயரில் பதிவாகிறது. கேபிளைப் பிடுங்கியதும் நெட்வொர்க்மேனேஜர் சில விநாடிகள் பொறுத்துப் பார்க்கிறது. கேபிள் மீண்டும் வரவில்லையென்றால் அந்த இடைமுகத்திலிருந்து, அதாவது கம்பித் துளையிலிருந்து, 60ஐ நீக்கிவிடுகிறது. வைஃபை நலமாகவே இருக்கிறது, சர்வரும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் 60 என்ற பெயரில் பேச இப்போது கணினியில் யாரும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பிழைச்செய்தி உடனே வந்திருந்தால் பயனருக்கு நன்மையாக இருந்திருக்கும். அப்படி வருவதில்லை. டிசிபி என்பது இழப்பைப் பொறுத்துக்கொள்வதற்காகவே வகுக்கப்பட்டது. விடை வராத தரவை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். லினக்ஸில் இந்த மறுமுயற்சிகளின் இயல்பான எண்ணிக்கை 15. ஒவ்வொரு முயற்சிக்கும் இடைப்பட்ட காத்திருப்பு இரட்டித்துக்கொண்டே போவதால் இணைப்பு இறந்துவிட்டது என்று முடிவு செய்ய ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகலாம். கேபிளைப் பிடுங்கிய பின், தொலைவிலுள்ள கணினிக்குக் கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் சாளரம் உறைந்துபோய் நிற்பதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அதற்கு இதுவே காரணம். சாம்பா கோப்புறையை மடிக்கணினியில் இணைக்கும் லினக்ஸ் பகுதி இந்த அளவுக்குப் பொறுமை காட்டுவதில்லை. இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் எதிரொலி கேட்டு, சில முறை விடை வராவிட்டால் இணைப்பைப் புதிதாகத் தொடங்குகிறது. வடிவமைப்பாளர் சொன்ன "ரெண்டு மூணு நிமிஷம்" இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்தியது. பயனர்கள் நேரத்தை மிகைப்படுத்திச் சொல்வார்கள் என்று நினைத்துக் காதில் வாங்காமல் விடுவது எவ்வளவு தவறு என்பதை நான் உணர்ந்த இடம் இது. அவர் சொன்ன கால அளவே காரணத்தைச் சுட்டிக்காட்டியது.

முகவரிகள் இரண்டாக இருப்பதன் இன்னொரு விளைவையும் கண்டேன். வைஃபையில் கோப்பை நகலெடுக்கத் தொடங்கிவிட்டு, பாதியில் கேபிளைச் செருகினால், சில நாள்களில் வேகம் உயர்ந்தது, சில நாள்களில் உயரவில்லை. எந்த வழியில் அனுப்புவது என்று சொல்லும் வழித்தட அட்டவணை மாறியதும் பழைய இணைப்பின் பொட்டலங்களும் (தரவின் சிறு துண்டுகளும்) கம்பி வழியே வெளியேறத் தொடங்கிவிடும்; ஆனால் சர்வரிடமிருந்து திரும்பி வருபவை எந்த வழியில் வரும் என்பதை, 61ஆம் முகவரிக்கு எந்த வன்பொருள் முகவரி (ஒவ்வொரு இடைமுகத்துக்கும் உரிய அடையாள எண்) உரியது என்று சர்வர் நினைவில் வைத்திருக்கிறதோ அதுதான் தீர்மானிக்கிறது. லினக்ஸ் இயல்பாகத் தன் எந்த ஐபி முகவரிக்கான வினாவுக்கும் எந்த இடைமுகத்திலிருந்தும் விடை சொல்லும். ஆகவே போவது கம்பியில், வருவது காற்றில் என்ற நிலை நெடுநேரம் நீடிக்கக்கூடும். திரும்பும் வழியைக் கடுமையாகச் சோதிக்கும் வடிகட்டி இயக்கப்பட்ட கணினிகளில் இந்தப் பொட்டலங்கள் ஓசையின்றிக் கைவிடப்பட்டு, நகலெடுப்பு முற்றிலும் நின்றே போகும். ஒரே தொகுதியில் இரண்டு இடைமுகங்களை விழித்திருக்க விடுவது நல்லதல்ல என்று நான் முடிவு செய்ததற்கு இந்த ஒழுங்கின்மையே முதற்காரணம்.

செருகும்போது நேர்வது

முன்னவர் எழுதி வைத்திருந்த நிரலின் எண்ணம் எளிமையானது. கெர்னல் ஒவ்வொரு ஈதர்நெட் துளைக்கும் "கேரியர்" என்னும் ஒரு சிறு கோப்பைக் காட்டுகிறது. மறுமுனையில் மின் இணைப்பு இருந்தால் அதில் 1, இல்லையென்றால் 0. அந்த 1ஐக் கண்டதும் வைஃபை ரேடியோவை அணைத்துவிட வேண்டும், 0 ஆனதும் இயக்க வேண்டும். துளையின் ஓரத்தில் எரியும் பச்சை விளக்கை நம்புவதும் இதுவும் ஒன்றே.

விளக்கு எரிவது ஸ்விட்ச் மறுமுனையில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த ஸ்விட்ச் நம் பொட்டலங்களைக் கடத்தும் என்று அது சொல்வதில்லை. ஸ்பானிங் ட்ரீ என்பது 1985இல் ராடியா பெர்ல்மேன் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் உருவாக்கிய நெறிமுறை. ஸ்விட்சுகளுக்கு இடையே கேபிள்கள் வளையமாக அமைந்துவிட்டால் பொட்டலங்கள் முடிவின்றிச் சுற்றி வலையமைப்பையே முடக்கிவிடும் என்பதால், புதிதாக உயிர்பெறும் ஒவ்வொரு போர்ட்டையும் (இங்கே ஸ்விட்சின் துளையையும்) அது முதலில் ஐயத்தோடு நோக்குகிறது. பழைய 802.1டி நெறிப்படி அந்தப் போர்ட் 15 விநாடிகள் கேட்கும் நிலையிலும், மேலும் 15 விநாடிகள் கற்கும் நிலையிலும் இருந்த பிறகே தரவைக் கடத்தும். ஆக, கேபிள் செருகப்பட்ட நொடியில் வைஃபை அணைகிறது. கம்பி வழி திறக்க இன்னும் 30 விநாடிகள் இருக்கின்றன. அதுவரை முகவரி கேட்டு அனுப்பும் டிஎச்சிபி வினாக்கள் ஸ்விட்சிலேயே மடிகின்றன. புது வீட்டின் சாவி கைக்கு வருமுன் பழைய வீட்டைக் காலி செய்த கதைதான்.

ஸ்விட்சின் மேலாண்மைப் பக்கத்தில், மேசைகளுக்குச் செல்லும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்தேன். மறுமுனையில் இருப்பது கணினிதான், இன்னொரு ஸ்விட்ச் அன்று என்று உறுதி கூறும் அமைப்பு அது. சில நிறுவனங்களின் கருவிகளில் இதற்குப் போர்ட்ஃபாஸ்ட் என்று பெயர். 30 விநாடிக் காத்திருப்பு அத்துடன் போனது. ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாளை அவர் வேறொரு இடத்தில், வேறொரு ஸ்விட்சில் கேபிளைச் செருகுவார். அங்கே அந்த அமைப்பு இருக்காது. வைஃபையை எப்போது விடுவது என்ற முடிவை விளக்கிடம் ஒப்படைத்ததே அடிப்படைத் தவறு. கம்பி வழியே சர்வரிடமிருந்து ஒரு விடை வந்து சேர்ந்த பிறகே வைஃபையை விட வேண்டும்.

எடுத்துக்கொண்ட வழி

முதல் மாற்றம் ரவுட்டரில். டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் ஒரு கணினிக்கு முகவரி ஒதுக்கும் வரியில் இரண்டு வன்பொருள் முகவரிகளைச் சேர்த்து எழுதி, இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரியைத் தரலாம். கம்பியும் வைஃபையும் கொண்ட மடிக்கணினிகளுக்கு உதவும் என்று அதன் கையேடே இதைக் குறிப்பிடுகிறது. இரண்டில் ஒன்று மட்டுமே ஒரு நேரத்தில் இயங்கினால்தான் இதை நம்ப முடியும் என்றும் எச்சரிக்கிறது. ஒன்று முகவரி கேட்கும்போது மற்றொன்றின் குத்தகையை (முகவரி ஒதுக்கீட்டை) டிஎன்எஸ்மாஸ்க் கைவிட்டுவிடும். கம்பிக்கும் வைஃபைக்கும் 60ஐயே தந்தேன். இனி எந்த வழியில் இருந்தாலும் சர்வரின் கண்ணுக்கு இது ஒரே கணினி. திறந்திருக்கும் டிசிபி இணைப்பின் நான்கு அடையாளங்களும் மாறா.

இது நிலைக்க வேண்டுமானால் வைஃபை எப்போதும் ஒரே வன்பொருள் முகவரியோடு வர வேண்டும். தனியுரிமைக்காக அந்த முகவரியை மாற்றிக் காட்டும் வசதி இப்போது எல்லா இயங்குதளங்களிலும் உண்டு. பொது இடங்களில் அது மிகத் தேவையானதும்கூட. ஆகவே அலுவலக வைஃபைக்கு மட்டும் நிலையான முகவரியைப் பயன்படுத்துமாறு அந்த இணைப்பின் அமைப்பில் குறித்துவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் விட்டேன்.

இரண்டாவது மாற்றம் மடிக்கணினியில். நெட்வொர்க்மேனேஜரிடம் டிஸ்பாச்சர் என்னும் அமைப்பு உண்டு. அதற்குரிய கோப்புறையில் வைக்கப்பட்ட நிரல்களை, ஓர் இடைமுகம் எழும்போதும் விழும்போதும் அது தானே இயக்கும். இடைமுகத்தின் பெயரும் நிகழ்ந்தது என்ன என்பதும் நிரலுக்குச் சொல்லப்படும். நிரல் ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கு உரிமையானதாக, இயக்கத்தக்கதாக, பிறர் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் அது இயங்காது. எழுந்தது என்ற செய்தி கேரியர் 1 ஆனதும் வருவதன்று, ஐபி முகவரி கிடைத்து முடிந்த பின் வருவது என்பதே இதன் சிறப்பு. முன்னவரின் முறையைவிட இது ஒரு படி மேலானது.

நெட்வொர்க்மேனேஜரின் கையேட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு நிரல் இருக்கிறது: கம்பி இணைந்தால் வைஃபை ரேடியோ அணையும், கம்பி போனால் இயங்கும். அதை அப்படியே வைத்துச் சில நாள்கள் பார்த்தேன். நிரலின் தொடக்கத்தில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றும் ஒரு வரி உண்டு. தேவையற்றது என்று நினைத்து அதை யாரும் நீக்கிவிடக்கூடாது. இணைப்பின் நிலையைக் கட்டளை தரும் சொல்லை வைத்தே நிரல் அறிகிறது. நெட்வொர்க்மேனேஜருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு என்பதால், முழுக் கணினியையும் தமிழில் அமைத்திருப்பவருக்கு அந்தச் சொல் தமிழில் வந்து நிரல் ஏமாறக்கூடும். நம் மொழியில் கணினியைப் பயன்படுத்துகிறவர்கள் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டியது இது.

அந்த எடுத்துக்காட்டில் எனக்குப் பொருந்தாதது வேறொன்று. வடிவமைப்பாளர் ஒரு மாலை, மேசையில் கேபிள் செருகியிருக்கும்போதே கணினியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் இயக்கியபோது வைஃபை அணைந்தே இருந்தது. ரேடியோ அணைந்த நிலையை நெட்வொர்க்மேனேஜர் வட்டில் எழுதி வைத்து, மறுமுறை தொடங்கும்போதும் அதையே பின்பற்றுகிறது. வீட்டில் கேபிளே இல்லையாதலால் அது விழுந்தது என்ற செய்தியும் வராது. வைஃபையை மீண்டும் இயக்க நிரலுக்கு வாய்ப்பே இல்லை. எங்கே தவறு என்று தெரியாமல் அவர் அன்றிரவு செய்ய வேண்டியிருந்த அட்டை வேலையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். அது என் பிழை. எல்லா இடங்களிலும் சோதிக்காமல் கொடுத்துவிட்டேன்.

ஆகவே ரேடியோவை அணைப்பதை விட்டுவிட்டு, வைஃபை இடைமுகத்தின் இணைப்பை மட்டும் துண்டிக்குமாறு மாற்றினேன். அந்தத் துண்டிப்பு கணினி மறுமுறை தொடங்கும்போது நினைவில் நிற்பதில்லை. வீட்டில் கணினி எழுந்ததும் வைஃபை தானே இணைந்துகொள்ளும். ரேடியோவை முழுதாக அணைத்தால் மின்கலம் சற்றுக் கூடுதலாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கேபிள் செருகியிருக்கும் மேசையில் மின்னூட்டியும் செருகப்பட்டே இருக்கும் என்பதால் அந்த ஆதாயம் இங்கே பொருட்டன்று.

இறுதியாக அமைந்த நிரல் இவ்வாறு செயல்படுகிறது. கம்பி எழுந்தது என்ற செய்தி வந்ததும், கம்பி இடைமுகம் வழியாகவே செல்லுமாறு கட்டுப்படுத்தி, சர்வருக்கு, இருக்கிறாயா என்று கேட்கும் பிங் ஒன்றை அனுப்புகிறது. விடை வந்தால் வைஃபையைத் துண்டிக்கிறது. வராவிட்டால் சில முறை முயன்றுவிட்டு வைஃபையை அப்படியே விட்டுவிடுகிறது. கம்பி விழுந்தது என்றால் எந்த வினாவும் இன்றி வைஃபையை இணைக்கிறது. கணினி புதிதாகத் தொடங்கும்போது கம்பி முந்திக்கொண்டு வைஃபை பிந்தி வருவதும் உண்டு என்பதால், வைஃபை எழுந்தது என்ற செய்திக்கும் அதே சோதனையை நடத்துகிறது.

சோதித்ததும் கண்டதும்

செருகும் திசையில் இடைவெளியே தென்படவில்லை. கம்பி 60ஐப் பெற்று, சர்வர் விடை சொன்ன பிறகே வைஃபை விலகுவதால், 60 என்ற முகவரி ஒரு கணமும் கணினியை விட்டு நீங்குவதில்லை. பெரிய கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போது கேபிளைச் செருகினால் வேகம் மட்டும் உயர்ந்தது.

பிடுங்கும் திசையில் இடைவெளி இருக்கிறது. அதை முழுதாக நீக்க இயலாது. கேபிள் போனதை நெட்வொர்க்மேனேஜர் உறுதி செய்ய வேண்டும், வைஃபை இணைய வேண்டும், 60 மீண்டும் கிடைக்க வேண்டும். இவை முடிந்து வைஃபை சின்னம் திரையில் தெரிந்த பிறகும் நகலெடுப்பு மேலும் சில விநாடிகள் நின்றுவிட்டே தொடர்ந்தது. இதுவும் டிசிபியின் இரட்டிக்கும் காத்திருப்பால்தான். உள் வலையமைப்பில் முதல் மறுமுயற்சி ஏறத்தாழ 0.2 விநாடியில் நடக்கும், பின்பு 0.6, 1.4, 3, 6.2, 12.6 ஆகிய விநாடிகளில் அடுத்தடுத்தவை. வழி 7ஆவது விநாடியில் திறந்தாலும் சர்வரின் அடுத்த முயற்சி 12.6ஆவது விநாடியில்தான். ஆனால் அந்த முயற்சி வெற்றி பெறுகிறது, பக்கம் உயிர்பெறுகிறது, கோப்பு சேதமின்றி முடிகிறது. 3 நிமிடமாக இருந்த தடங்கல் கால் நிமிடத்துக்குள் வந்தது.

ஒதுக்கிய வழிகளில் பாண்டிங்கைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு இடைமுகங்களையும் ஒரே மெய்நிகர் இடைமுகமாகக் கட்டி, கம்பியை முதன்மையாகவும் வைஃபையைக் காப்பாகவும் வைப்பது கெர்னலிலேயே உள்ள வசதி. மாற்றமும் மிக விரைவாக நடக்கும். ஆனால் பாண்டிங் இயல்பாக எல்லா இடைமுகங்களுக்கும் ஒரே வன்பொருள் முகவரியைப் போர்த்துகிறது. வைஃபை அணுகுபுள்ளியோ தன்னோடு இணைந்த முகவரியிலிருந்து வரும் பொட்டலங்களை மட்டுமே ஏற்கும். அதற்கெனத் தனி அமைப்பு செய்ய வேண்டும். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டிய பயனரின் கணினியில் இதை வைப்பது நியாயமாகாது என்று பட்டது. முகவரி மாறினாலும் இணைப்பு அறாமல் காக்கும் நெறிமுறைகள் இன்று இருக்கின்றன. 2021இல் வெளியான ஆர்எஃப்சி 9000 வகுக்கும் குவிக் அவற்றுள் ஒன்று. ஆனால் இந்தச் சர்வரின் கோப்புப் பகிர்வு சாதாரண டிசிபியில் நடக்கிறது.

அதே அலுவலகத்து விண்டோஸ் மடிக்கணினி ஒன்றில் இதன் மறுபக்கத்தைக் கண்டேன். கேபிள் செருகியும் தரவு வைஃபையில் சென்றுகொண்டிருந்தது. விண்டோஸ் 10 முதல், இணைப்பின் வேகத்தை வைத்து மெட்ரிக் தானாக வகுக்கப்படுகிறது: கிகாபிட் கம்பிக்கு 25, 100 மெகாபிட் கம்பிக்கு 35, 500 மெகாபிட்டுக்கு மேற்பட்ட வைஃபைக்கு 30. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். மேசைக் காலில் நசுங்கிய அந்தக் கேபிளில் ஒரு சோடி அறுந்து, வேகம் 100க்கு இறங்கி, வைஃபை முந்திவிட்டது. கேபிளை மாற்றியதும் சரியானது. கம்பி இருக்கும்போது வைஃபையைத் தடுக்கும் குழுக்கொள்கை என்னும் நிர்வாக அமைப்பும் விண்டோஸில் உண்டு. கேபிளை மாற்றாமல் அதை மட்டும் இயக்கியிருந்தால் பழுது மறைந்தே கிடந்திருக்கும்.

சில மாதங்களுக்குப் பிறகு வடிவமைப்பாளர் பழைய முறையீட்டோடு அழைத்தார்: பக்கம் மீண்டும் உறைகிறது. சென்று பார்த்தபோது கேபிள் கணினியின் துளையில் இல்லை. பெரிய திரைக்காக வாங்கிய யுஎஸ்பி-சி டாக் என்னும் இணைப்புப் பெட்டியில் செருகப்பட்டிருந்தது. டாக்குக்கு அதற்கே உரிய வன்பொருள் முகவரி உண்டு. ரவுட்டர் அதை அறியாததால் 74 என்று வேறொரு முகவரியைத் தந்திருந்தது. டிஎன்எஸ்மாஸ்கின் அதே வரியில் மூன்றாவது வன்பொருள் முகவரியைச் சேர்த்தேன். நிரலில் டாக்கின் இடைமுகப் பெயரையும் சேர்த்தேன். அந்த மூன்று முகவரிகளையும் ஒரு தாளில் எழுதி, ஸ்விட்ச் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.